உட்காரும் உரிமை

தோழர்களே, தாய்மார்களே, வணக்கம்.

துணிக்கடைக்குள் நுழைந்ததும் "வாங்கக்கா, உட்காருங்க" என்று ஒரு பெண் ஸ்டூலை இழுத்துப் போடுகிறாள். உட்கார்ந்து ஒரு மணி நேரம் புடவை பார்க்கிறோம். அவள் நிற்கிறாள். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்பாள். வர்க்கம் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளிடம், தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போய் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள் என்கிறேன்.

முன்பெல்லாம் ஜவுளிக்கடையில் மெத்தை விரித்திருப்பார்கள். துணி எடுத்துப் போடுகிறவரும் வாங்க வந்தவரும் அதில்தான் உட்காருவார்கள். அது பொற்காலம் என்று சொல்லவில்லை. எல்லாச் சாதிக்காரரையும் அந்த மெத்தையில் ஏற்றியிருக்க மாட்டார்கள். ஆனால் வேலைக்காரர் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது பொய். அதற்கு அந்த மெத்தையே சாட்சி.

நின்றே இருந்தால் காலில் நரம்பு சுருண்டு புடைக்கும். கழிப்பறைக்கு விடமாட்டார்கள் என்று தண்ணீரே குடிக்காமல் இருந்தால் சிறுநீர்த் தொற்று வரும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் முதலில் கழிப்பறைக்காகத்தான் ஒன்றுகூடினார்கள். அப்புறம்தான் உட்காரும் உரிமையைக் கேட்டார்கள். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் தன் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர் உட்காரலாம். நல்ல சட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த வாய்ப்பு வந்ததா இல்லையா என்று முடிவு செய்வது யார்? தலைக்கு மேலே கேமரா, பின்னால் சூப்பர்வைசர்.

நாற்காலி இருந்தால் மட்டும் போதாது என்பது நமக்குத் தெரியாததா? கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர், தலித் பெண் என்பதால் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். நடந்தது 2020-இல். அங்கே மற்றவர்களுக்கு நாற்காலி இருந்தது.

போன தீபாவளிக்கு ஒரு கடையில், புடவை எடுத்துப் போட்ட பெண்ணிடம் "நீயும் கொஞ்சம் உட்காரும்மா" என்றேன். பக்கத்திலேயே ஸ்டூல் கிடந்தது. அவள் ஸ்டூலைப் பார்க்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். "இருக்கட்டும்க்கா" என்று அடுத்த புடவையை விரித்தாள்.