ரிச்மண்ட் மான் பூங்கா: மதிலின் கதை, வழியின் கதை

[காட்சி: புல்வெளியில் மேயும் செம்மான்கள், பின்னால் முதிய ஓக் மரங்கள்]

திரையில் தெரியும் இந்த மான் கூட்டம் மேய்வது லண்டன் மாநகரின் தென்மேற்கில், நாற்புறமும் குடியிருப்புகள் சூழ்ந்த ரிச்மண்ட் பூங்காவில். ஏறத்தாழ 955 ஹெக்டேர் பரப்புள்ள இந்த நிலத்தில் இன்று சுமார் 630 மான்கள் வாழ்கின்றன. செம்மான் பிரிட்டன் தீவின் பூர்வ இனம். அகன்று தட்டையாக விரியும் கொம்புடைய ஃபாலோ மானை இங்கிலாந்தில் பரவச் செய்தவர்கள், பதினோராம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்து அந்நாட்டைக் கைப்பற்றிய நார்மன் ஆட்சியாளர்கள்.

மான் பூங்கா என்ற ஏற்பாடும் அவர்கள் காலத்தில்தான் பெருகியது. அரசரும் பிரபுக்களும் பெருநிலங்களை மண்மேடும் மரவேலியும் கொண்டு வளைத்து, மேட்டின் உட்புறத்தில் அகழி தோண்டினார்கள். வெளியிலிருந்து உள்ளே தாவும் மான், அகழியின் ஆழத்திலிருந்து மேட்டையும் வேலியையும் தாண்டித் திரும்ப முடியாது. மான் இறைச்சி அன்று சந்தையில் வாங்கும் பொருளாக இல்லை. அது மேட்டுக்குடியின் விருந்துக்கும் அன்பளிப்புக்கும் உரியதாக இருந்தது.

ரிச்மண்ட் பூங்கா இவற்றைவிடக் காலத்தால் பிந்தியது. 1625-ஆம் ஆண்டு லண்டனில் கொள்ளைநோய் பரவியபோது, மன்னர் முதலாம் சார்லஸ் தம் அரசவையுடன் ரிச்மண்ட் அரண்மனைக்கு இடம்பெயர்ந்தார். அருகிலிருந்த மேட்டுநிலம் அவருடைய வேட்டை ஆசைக்கு ஏற்றதாக இருந்தது. ஆனால் அந்நிலத்தின் ஒரு பகுதி ஊர்மக்கள் கால்நடை மேய்த்த பொது நிலம். இன்னொரு பகுதி தனியார் வயல்கள். விற்க மறுத்தவர்கள் இருந்தார்கள்; அரசரின் ஆலோசகர்களிலேயே சிலர் இது வேண்டாம் என்று எச்சரித்தார்கள். இருந்தும் 1637-இல் ஏறத்தாழ 8 மைல் நீளச் செங்கல் மதில் எழுந்து நிலத்தை வளைத்தது. எதிர்ப்பைத் தணிக்க, மக்கள் நடந்து கடக்கும் உரிமையும் ஏழைகள் விறகு பொறுக்கும் உரிமையும் விட்டுவைக்கப்பட்டன. இந்தச் சிறிய சலுகைதான் பின்னால் பூங்காவின் போக்கையே மாற்றியது என்பதால், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாடாளுமன்றத்துடன் நடந்த உள்நாட்டுப் போரில் தோற்ற சார்லஸின் தலை 1649-இல் வெட்டப்பட்டபின், நாடாளுமன்றம் பூங்காவை லண்டன் நகராட்சியிடம் ஒப்படைத்தது. முடியாட்சி மீண்டபோது, 1660-இல், அது இரண்டாம் சார்லஸிடம் திரும்பியது.

[காட்சி: பழைய செங்கல் மதில், அதையொட்டிய நடைபாதை]

அடுத்த நூற்றாண்டில், 1751-இல், இரண்டாம் ஜார்ஜின் மகளான இளவரசி அமீலியா பூங்காவை மேற்பார்வையிடும் ரேஞ்சர் பொறுப்பை ஏற்றார். அனுமதிச்சீட்டுப் பெற்ற சிலரைத் தவிர வேறு எவரும் உள்ளே வரக் கூடாது என்றார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் நடந்த வழிகள் அடைபட்டன. ரிச்மண்டில் பீர் ஆலை நடத்திவந்த ஜான் லூயிஸ் இதை ஏற்கவில்லை. வாயிலில் தடுக்கப்பட்ட அவர், அரச குடும்பத்தின் பெயரைக் கண்டு ஒதுங்காமல், வாயிற்காவலராக இருந்த மார்த்தா கிரே என்ற பெண்ணின் மீது வழக்குத் தொடுத்தார். 1758-இல் சர் மைக்கேல் ஃபாஸ்டர் முன்னிலையில் நடந்த விசாரணையில், நடந்து கடக்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்ற தீர்ப்பு கிடைத்தது.

கதவு வேண்டுமா, மதிலில் ஏறி இறங்கும் ஏணிப்படி வேண்டுமா என்று நீதிபதி கேட்டபோது, லூயிஸ் ஏணியைத் தேர்ந்தெடுத்தார். மான்கள் வெளியேறாமலிருக்கக் கதவை மூடியே வைக்க வேண்டும்; மூடிய கதவைக் காணும் வெளியூரார் தமக்கு உரிமை இல்லையென்று எண்ணித் திரும்பிவிடக்கூடும். எவ்வளவு கூர்மையான சிந்தனை! பின்னர், படிகள் மிகுந்த இடைவெளியுடன் அமைக்கப்பட்டதால் முதியோரும் சிறுவரும் ஏற முடியவில்லை என்று அவர் மீண்டும் முறையிட்டார். அதைத் தாமே கவனித்திருந்த நீதிபதி, வயதான பெண்களும் ஏறக்கூடியவாறு படிகளை அமைக்கச் சொன்னார். அமீலியா 1761-இல் பொறுப்பிலிருந்து விலகினார்.

மதில் எழுந்த விதம் அநீதியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் லண்டன் பெருத்து அக்கம்பக்கத்துக் கிராமங்களையெல்லாம் விழுங்கியபோது, இந்நிலம் கட்டடமாகாமல் தப்பியதற்கு அந்த மதிலும், அதைத் திறக்கவைத்த வழக்கும் சேர்ந்தே காரணம் என்று கருதுகிறேன்.

[காட்சி: உள்ளீடற்ற ஓக் மரத்தின் அடிப்பகுதி, பட்டையில் ஊரும் வண்டு]

நிலத்தின் தோற்றத்தையும் மான்களே வடித்திருக்கின்றன. அவை மரக்கன்றுகளையும் வாய்க்கு எட்டும் கிளைகளையும் தின்றுவிடுவதால் புதர்க்காடு மண்டுவதில்லை. மரங்களின் கீழ்விளிம்பு ஒரே உயரத்தில் கத்தரித்தாற்போல் தெரிகிறது. பூங்கா அமைவதற்கு முன்பே நின்ற ஓக் மரங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றின் மட்கிய கட்டைகளில் கலைமான் கொம்பு போன்ற தாடையுடைய அரிய வண்டினத்தின் புழுக்கள் வளர்கின்றன. 2000-ஆம் ஆண்டில் இந்தப் பூங்கா தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

வேட்டையாடும் ஓநாய்கள் இல்லாத இந்நிலத்தில் மான்கள் பெருகிக்கொண்டே போனால் மேய்ச்சல் போதாமல் பட்டினி கிடக்கும். ஆகவே நவம்பரிலும் பிப்ரவரியிலும் இரவு நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையைச் சுட்டுக் குறைக்கிறார்கள். அந்த வாரங்களில் மட்டும் நடைவாயில்கள் இரவில் பூட்டப்படுகின்றன. மற்ற இரவுகளில் யாரும் நடந்து கடக்கலாம். இலையுதிர்காலத்தில் ஆண் செம்மான்கள் துணைக்காக மோதிக்கொள்ளும். அப்போது செல்பவர்கள் குறைந்தது 50 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்; குட்டி ஈனும் மே முதல் ஜூலை வரை நாய்களைக் கயிற்றில் பிடித்தே நடத்திச் செல்ல வேண்டும்.