6 வோல்ட் காரை 12 வோல்ட்டுக்கு மாற்றலாமா? கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 1950-களில் வந்த கார் ஒன்று இருக்கிறது. 6 வோல்ட் பேட்டரி, பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் கார் உடம்போடு இணைந்திருக்கிறது. செல்ஃப் அடித்தால் முக்கி முக்கிச் சுற்றுகிறது, ராத்திரியில் ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி எரிகிறது. 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாமா? வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டுமா, செல்ஃப் மோட்டார் எரிந்துவிடுமா?"

மாற்றலாம், தாராளமாக மாற்றலாம். ஆனால் இந்த இரண்டு குறைகளுக்காக மட்டும் என்றால் கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கார் புதிதாக வந்தபோது இதே 6 வோல்ட்டில் ஒழுங்காகக் கிளம்பிய கார்தான். இப்போது முக்குகிறது என்றால் இடையில் எங்கோ கரண்ட் சிக்குகிறது, அது எங்கே என்று பார்க்காமல் 12 வோல்ட் ஏற்றினால் கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர அங்கேயேதான் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 36 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும், 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். துருப்பிடித்த எர்த், தேய்ந்த சுவிட்ச் எல்லாம் சேர்ந்து 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 வோல்ட் காரில் அது மட்டுமே அரை வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும், அதாவது கிட்டத்தட்ட 9 சதவீதம். 12 வோல்ட்டில் அதே தடை தின்பது 2.5 சதவீதம்கூட இல்லை. இழை பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும், அதனால்தான் 6 வோல்ட் காரில் சின்ன எர்த் கோளாறுகூட அகல் விளக்காகத் தெரிகிறது.

அதனால் முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலில் இருந்து வரும் நடு வயரைக் கழற்றி எர்த்தில் வையுங்கள், என்ஜின் கிளம்பக் கூடாது. மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் எர்த் கம்பத்தில், கிளாம்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே. இன்னொரு முனை செல்ஃப் மோட்டாரின் உடம்பில். இப்போது ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கம் கோளாறு. அதே மாதிரி பேட்டரியின் மற்றக் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் டெர்மினலுக்கும் நடுவில் பாருங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு பல்பின் எர்த்துக்கும் பேட்டரி எர்த் கம்பத்துக்கும் நடுவில் பாருங்கள்.

நான் பார்த்த ஒரு காரில் எர்த் பட்டை புத்தம் புதியது, பளபளவென்று இருந்தது. ஆனால் அதை முடுக்கியிருந்த இடத்தில் கனமாக பெயின்ட். போல்ட்டின் மரை வழியாக மட்டும்தான் கரண்ட் போய்க்கொண்டிருந்தது, செல்ஃப் அடித்தவுடன் கை வைத்துப் பார்த்தால் போல்ட் சுட்டது. வெள்ளைத் தகடு தெரியும்வரை சுரண்டி, கிரீஸ் தடவி மறுபடி முடுக்கினோம், அவ்வளவுதான், கார் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. இன்னொரு விஷயம், பேட்டரி கேபிள். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் 12 வோல்ட்டுக்கான மெல்லிய கேபிள், அதை 6 வோல்ட் காரில் போட்டால் செல்ஃப் முக்கத்தான் செய்யும். கட்டைவிரல் தடிமனுக்குக் கேபிள் வேண்டும்.

இதையெல்லாம் சரி செய்த பிறகும் 12 வோல்ட் வேண்டும் என்றால் காரணம் இருக்கலாம். பேட்டரி எளிதாகக் கிடைக்கும், நல்ல ஹாலஜன் போடலாம், போன் சார்ஜ் செய்யலாம். கம்பெனிகளே அந்தப் பக்கம் போனவர்கள்தான். கம்ப்ரஷன் கூடிய பெரிய என்ஜின்களைச் சுற்ற 6 வோல்ட் போதவில்லை என்று அமெரிக்கக் கார்கள் 1950-களின் நடுவில் மாறின, ஃபோர்டு 1956 மாடலில் மாறியது.

வயரிங் மாற்ற வேண்டியதில்லை. 6 வோல்ட்டுக்குப் போட்ட வயர் தடிமனானது, இனி அதில் பாதிக் கரண்ட்தான் ஓடும். துணி சுற்றிய பழைய வயரை மட்டும் லேசாக மடக்கிப் பாருங்கள், உறை பொடிப்பொடியாக உதிர்ந்தால் எத்தனை வோல்ட்டாக இருந்தாலும் அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

செல்ஃப் மோட்டார் உடனே எரியாது. ஓரிரு நொடியில் என்ஜின் பிடித்துக்கொள்ளும் என்றால் 6 வோல்ட் மோட்டார் 12 வோல்ட்டைத் தாங்கும், நன்றாக வேகமாகச் சுற்றும். எனக்குப் பயம் பிளைவீல், அதாவது என்ஜினோடு சுற்றும் பெரிய சக்கரத்தின் பல்லைப் பற்றித்தான், செல்ஃப் மோட்டாரின் சின்னப் பல்சக்கரமான பினியன் ஒவ்வொரு முறையும் ஓங்கி அறைவதுபோல் போய் விழும். கிளம்பாத என்ஜினை விடாமல் அரை நிமிடம் அடித்தால் அப்போது மோட்டாரும் போகும். மோட்டாருக்குள் காந்தமாக வேலை செய்யும் கம்பிச் சுருளான ஃபீல்டு காயிலை 12 வோல்ட்டுக்கு மாற்றிக் கட்டுவது நல்ல வழி. வேறு மோட்டார் வாங்குவதாக இருந்தால் பல்லை எண்ணிப் பாருங்கள், ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 6 வோல்ட் பிளைவீலுக்கு 109 பல், 12 வோல்ட்டுக்கு 130.

கட்டாயம் மாற்ற வேண்டியவை டைனமோ, அதை பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் விடும் கட்-அவுட், எல்லா பல்புகளும், இண்டிகேட்டர் பிளாஷர், இக்னிஷன் காயில். 6 வோல்ட் காயிலில் 12 வோல்ட் கொடுத்தால், அதன் கரண்டை விட்டு விட்டு வெட்டும் பிளாட்டினம் பாயிண்ட் கருகிவிடும். 3 ஓம் அளவுள்ள 12 வோல்ட் காயில் போடுங்கள், அல்லது 1.5 ஓம் காயிலுக்கு முன்னால் கரண்டைக் குறைக்கும் பலாஸ்ட் ரெசிஸ்டர் வையுங்கள். பாயிண்டும் கண்டென்சரும் பழையதே இருக்கலாம். ஃபியூஸை மறக்காதீர்கள், கரண்ட் பாதியாகிவிட்டதால் பழைய பெரிய ஃபியூஸ் இருந்தால் ஆபத்து வந்தாலும் அது போகாமல் இருந்துவிடலாம்.

டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போடுவது எளிது, ஆனால் சாதாரணமாகக் கிடைப்பது நெகட்டிவ் எர்த்துக்கானது, உங்கள் கார் பாசிட்டிவ் எர்த். அப்படியே இணைத்தால் டயோடுகள் அந்த நொடியிலேயே போய்விடும். எனவே எர்த்தையும் மாற்ற வேண்டும்: பேட்டரியைத் திருப்பிப் போடுங்கள், ஆம்மீட்டர் வயர்களை இடம் மாற்றுங்கள், காயிலின் இரண்டு சின்ன வயர்களையும் இடம் மாற்றுங்கள். காயிலைத் திருப்பாவிட்டாலும் கார் ஓடும், ஆனால் பிளக்கின் சூடான நடு முனையில் இருந்துதான் பொறி எளிதாகக் கிளம்பும், தலைகீழாக இருந்தால் அதே பொறிக்குக் கூடுதல் வோல்ட் வேண்டும். செல்ஃப் மோட்டாரைப் பற்றிக் கவலை வேண்டாம், ஃபீல்டு காயில் உள்ள மோட்டார் எர்த் மாறினாலும் அதே பக்கம்தான் சுற்றும்.

மீதி இருப்பது பெட்ரோல் கேஜ், ஹீட்டர் பேன், வைப்பர், ரேடியோ. கேஜுக்கு வோல்ட்டைக் குறைத்துச் சீராகக் கொடுக்கும் சின்ன ரெடியூசர் கிடைக்கும், அதைப் போடுங்கள், ரெசிஸ்டர் வேண்டாம், டேங்கில் மிதவை நகர நகர கரண்ட் மாறுவதால் ரெசிஸ்டர் தப்பாகக் காட்டும். பேன் மாதிரி ஒரே அளவில் இழுப்பதற்கு ரெசிஸ்டர் சரி: 5 ஆம்பியர் இழுக்கும் 6 வோல்ட் மோட்டாருக்கு 1.2 ஓம், ஆனால் அது 30 வாட் சூட்டைக் கக்கும், எனவே வெறும் தகட்டில், வயரில் இருந்து தள்ளி மாட்டுங்கள். பழைய வால்வு ரேடியோவை நேராக இணைக்கவே கூடாது. 12 வோல்ட் பேட்டரியின் நடுவில் இருந்து 6 வோல்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள், பாதி செல்கள் மட்டும் காலியாகி பேட்டரி கெடும்.

எல்லாம் முடிந்து முதல் முறை பேட்டரி இணைக்கும்போது, எர்த் கேபிளை நேராகக் கம்பத்தில் மாட்டாமல், நடுவில் ஒரு 12 வோல்ட் ஹெட்லைட் பல்பைச் சேருங்கள். காரில் எல்லாம் அணைத்திருக்கும்போது அந்த பல்பு பளீரென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, வயர் புகையாமல் பல்பு காப்பாற்றிவிட்டது. எரியாவிட்டால் பல்பை எடுத்துவிட்டு கேபிளை மாட்டலாம்.