விளிம்பில் இட்ட முட்டை

வணக்கம் நேயர்களே. தீவுப் பறவைகளின் அழிவு என்று பேச்செடுத்தால் எல்லோரும் டோடோவில்தான் ஆரம்பிப்பார்கள். போனது போய்விட்டது, அதைப் பற்றி நிறையப் பேசியும் ஆகிவிட்டது. நான் இன்று பேச வந்தது, போகவிருந்து திரும்பி வந்த ஒரு பறவையைப் பற்றி. காப்பாற்றப் போனவர்களின் கையாலேயே அதற்கு ஒரு சிக்கலும் வந்து சேர்ந்தது. அந்தக் கதை அவ்வளவாக வெளியே வருவதில்லை.

நியூசிலாந்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கு நடுவே சாத்தம் தீவுகள் இருக்கின்றன. கருப்பு ராபினுக்கு உலகத்தில் வேறு ஊர் கிடையாது. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். உடம்பு முழுக்கக் கருப்பு. காட்டுக்குள் உதிர்ந்து கிடக்கும் இலைகளைக் கிளறிப் பூச்சி, புழு பொறுக்கித் தின்னும். ஆள் பக்கத்தில் போய் நின்றாலும் பெரிதாகப் பயப்படாது.

தீவில் வளர்ந்த பல பறவைகளுக்கு இந்தப் பயமின்மைதான் எமன். எலியும் பூனையும் இல்லாத இடத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவை அவை. கப்பல்கள் வந்தன, கூடவே எலியும் பூனையும் வந்து இறங்கின. 1500ஆம் ஆண்டுக்குப் பிறகு உலகில் அழிந்துபோன பறவையினங்களில் பத்துக்கு ஒன்பது தீவுகளைச் சேர்ந்தவை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருப்பு ராபினும் ஒவ்வொரு தீவாக இழந்துகொண்டே வந்தது. 19ஆம் நூற்றாண்டு முடியும்போது லிட்டில் மங்கெரே என்ற பாறைத் தீவு மட்டுமே மிச்சம். நாலா பக்கமும் செங்குத்துப் பாறை, உச்சியில் துண்டு நிலம் போல ஒரு காடு. பூனையால் ஏற முடியாத இடம் என்பதால் பறவை பிழைத்தது. ஆனால் அந்தக் காடும் நலியத் தொடங்கியது. 1976இல் எண்ணிப் பார்த்தபோது ஏழு பறவைகள். அவற்றைப் பிடித்துப் பக்கத்திலிருந்த மங்கெரே தீவுக்கு மாற்றினார்கள். அங்கே காட்டை மீட்பதற்காக 1,20,000 மரக்கன்றுகள் நட்டிருந்தார்கள். அப்படியும் 1980இல் எஞ்சியவை ஐந்து. அவற்றில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துக்கொண்டிருந்த பெண் ஒன்றே ஒன்று.

காலில் மாட்டிய நீல வளையத்தை வைத்து அதற்கு ஓல்ட் ப்ளூ என்று பெயர். இந்த இனத்தில் பல பறவைகள் நாலைந்து வயதைக்கூடத் தாண்டாது. இந்தக் கிழவியோ ஒன்பது வயதுக்கு அப்புறம்தான் இனத்தையே தூக்கி நிறுத்தியது!

ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டைதான் வழக்கம். ஆனால் முதல் ஈட்டை எடுத்துவிட்டால் பறவை மறுபடி கூடு கட்டி முட்டையிடும். மீட்புப் பணிக்குத் தலைமை தாங்கிய டான் மெர்டன் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இட்டுவிட்டுப் போகிறதே, அந்த வேலையை இங்கே மனிதர்கள் செய்தார்கள். முதலில் மங்கெரேயிலேயே இருந்த ஒரு கதிர்க்குருவியின் கூட்டில் வைத்தார்கள். குஞ்சு பொரிந்தது, ஆனால் அந்தச் சின்னக் குருவியால் அதற்கு இரை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அடுத்து, ரங்காத்திரா தீவில் இருக்கும் டாம்டிட் என்ற பறவையிடம் போனார்கள். முட்டைகளைச் சூடு ஆறாமல் வைத்துப் படகில் கொண்டுபோக வேண்டும். அந்தக் கடலில் இது விளையாட்டு வேலை இல்லை.

டாம்டிட் நன்றாகவே வளர்த்தது. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே நன்றாக. குஞ்சுகள் தங்களை டாம்டிட் என்றே நினைத்துக்கொண்டு அதன் பாட்டைப் பாடி, அதையே துணையாகத் தேடின. பிறகுதான், இறகு முளைத்துப் பறக்கும் முன்பே குஞ்சுகளை ராபின் கூட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள்.

சரி, இனி சிக்கலுக்கு வருவோம். 1984இல் ஒரு கூட்டில் வித்தியாசமான ஒன்றைப் பார்த்தார்கள். ராபின் கூடு கிண்ணம் மாதிரி இருக்கும். முட்டை கிண்ணத்துக்குள் இல்லை, விளிம்பில் இருந்தது. விளிம்பில் கிடக்கும் முட்டையைத் தாய் அடைகாக்காது, அது வீணாகிவிடும். விரல் விட்டுக் கணக்குப் பார்க்கும் அளவுக்கே பறவைகள் இருந்த காலத்திலிருந்து ஒவ்வொரு முட்டைக்கும் ஏங்கியவர்கள் என்ன செய்வார்கள்? மெல்ல உள்ளே தள்ளிவிட்டார்கள். குஞ்சு பொரிந்தது. அது பெண்ணாக இருந்தால், அதிலும் சில வளர்ந்து விளிம்பில்தான் முட்டையிட்டன. அவற்றையும் உள்ளே தள்ளினார்கள். 1989இல் பெண் பறவைகளில் பாதிக்கு மேல் இந்தப் பழக்கம். மரபில் வந்த குறை அது. காட்டில் தானாகக் கழிந்துபோக வேண்டியதை மனித விரல் தலைமுறைக்குத் தலைமுறை கடத்திவிட்டது.

அப்போது பறவைகள் நூறைத் தாண்டியிருந்தன. முட்டைகளைத் தொடுவதை நிறுத்தினார்கள். 2011 வாக்கில் விளிம்பில் முட்டையிடும் பெண்கள் நூற்றுக்கு ஒன்பது என்ற அளவுக்குக் குறைந்தன. 2013இல் வெளிவந்த ஆய்வு இதை விவரமாகக் காட்டியது. எந்தக் கூட்டில் எந்தப் பெண், அதன் தாய் யார் என்று ஆண்டுக்கணக்காக எழுதி வைத்திருந்ததால்தான் இதைக் கண்டுபிடிக்கவே முடிந்தது. குறிப்பேட்டில் எழுதுகிறவர்களை யாரும் பாராட்டுவதில்லை, நான் பாராட்டிவிடுகிறேன்.

முட்டையைத் தள்ளியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு கொஞ்சம் பறவைகள் இருக்கும்போது நானாக இருந்தாலும் தள்ளியிருப்பேன். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது, நிறுத்தினார்களே, அதுதான். கண்ணெதிரே விளிம்பில் முட்டை கிடக்கிறது, கை எட்டும் தூரம், தொடாமல் அடுத்த கூட்டுக்கு நகர வேண்டும். படகில் முட்டை கொண்டுபோவதைவிட இதற்கு அதிக நெஞ்சுரம் வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்றைக்குக் கருப்பு ராபின்கள் 250க்கு மேல் இருக்கின்றன. எல்லாமே ஓல்ட் ப்ளூவும் அதன் இணை ஓல்ட் யெல்லோவும் பெற்ற வம்சம். எல்லாமே மங்கெரே, ரங்காத்திரா என்ற இரண்டே சிறு தீவுகளில். அனுமதி இல்லாமல் அங்கே யாரும் கால் வைக்க முடியாது. சினை எலி ஒன்று படகில் ஒளிந்து வந்தால் போதும், மொத்தக் கணக்கும் தலைகீழாகிவிடும். பக்கத்திலுள்ள பிட் தீவில் வேலி போட்டு மூன்றாவது வீடு அமைத்துப் பார்த்தார்கள், பறவைகள் அங்கே நிலைக்கவில்லை.

நன்றி, வணக்கம்.