எண்ணெய்க்கு ஒரு லோகோ: மூன்று சுழி 'ண' படுத்தும் பாடு

வணக்கம் நண்பர்களே. மேசை முழுவதும் காகிதமாகக் கிடக்கிறது, பார்க்கிறீர்கள் அல்லவா? பத்து நாட்களாக எனக்கு இதுதான் வேலை. காங்கேயம் பக்கத்தில் இருக்கும் ஓர் எண்ணெய் ஆலைக்குப் புதிய லோகோ வரைந்துகொண்டிருக்கிறேன். அப்பா தொடங்கிய தொழிலை இப்போது மகன் நடத்துகிறார். பெயரை வெளியில் சொல்ல இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் பெயரின் கடைசிச் சொல் 'எண்ணெய்'. இன்று அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம் ஊரில் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரை வைத்து லோகோவை முடித்துவிட்டு, தமிழைக் கீழே பொடி எழுத்தில் சொருகிவிடுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இந்த எண்ணெயை வாங்குகிறவர்கள் கடையில் தமிழில்தான் கேட்கிறார்கள். அதனால் தமிழில் தொடங்கினேன்.

இந்தக் காகிதத்தைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன். 'எண்ணெய்'. மூன்று சுழி 'ண' அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. நடுவில் ஒரு கொம்பு, மேலே இரண்டு புள்ளிகள். சுழியும் வளைவுமாக ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. எழுத்தைத் தடிமனாக்கினால் உள்ளே இருக்கும் வெள்ளை இடம் சுருங்குகிறது. அச்சில் மை சற்றுப் பரவினால் போதும், சுழி அடைத்துவிடும். முன்பு ஒரு மசாலா பாக்கெட்டில் எனக்கு அப்படித்தான் ஆனது. திரையில் அழகாக இருந்த எழுத்து, பாக்கெட்டில் கரும்புள்ளியாக வந்து நின்றது. அன்றிலிருந்து திரையை மட்டும் நம்பி எழுத்துருவை முடிவு செய்வதில்லை.

இந்த முறை மூன்று எழுத்துருக்களை எடுத்தேன். மூன்றும் இலவசமானவை, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். 'கேட்டமரான்' நம் கட்டுமரத்திலிருந்து பெயர் பெற்றது. 9 தடிமன்களில் கிடைக்கிறது. 'முக்தா மலர்' 7, 'ஹிந்த் மதுரை' 5. சொல்லை லேபிள் அளவில் அச்செடுத்து, வெட்டி, 200 மி.லி. பாட்டிலில் ஒட்டி, அலமாரியில் வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்று பார்த்தேன். மிகத் தடிமனானவை எல்லாம் அங்கேயே விழுந்துவிட்டன. நடுத்தரத் தடிமனில் முக்தா மலர் தெளிவாக நின்றது. அதன் வளைவுகளில் கை எழுதிய நெகிழ்வு கொஞ்சம் இருக்கிறது. எண்ணெய்க்கு அது பொருந்துகிறது. கேட்டமரான் எனக்குப் பிடித்த எழுத்துருதான், ஆனால் இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பலகையைப் போலத் தெரிந்தது.

இனி வரைவுகள். தென்னை மரம், எண்ணெய்த் துளி இரண்டையும் முதல் நாளே ஒதுக்கிவிட்டேன். கடை அலமாரியில் பாதி பாட்டில்களில் அவைதான் இருக்கின்றன. பிறகு புள்ளியையே துளியாக வரைந்தேன். வரைந்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. சிறிதாக்கியபோது துளியின் நுனி எழுத்தோடு ஒட்டி, அச்சுப்பிழை போல ஆகிவிட்டது. வருத்தத்தோடு அதையும் விட்டேன்.

இதோ, இந்தப் பென்சில் வரைவைப் பாருங்கள். 'ண'வின் முதல் சுழியை மட்டும் சற்று அகலப்படுத்தி, செக்கு சுற்றுவது போல ஒரு வட்டமாக்கியிருக்கிறேன். தனிச் சின்னம் எதுவும் இல்லை, எழுத்தே சின்னம். ஒரே நிறத்தில் அச்சடிக்கலாம். தகர டின்னில் ஸ்டென்சில் (எழுத்து வெட்டிய தகடு) வைத்துச் சாயம் பூசினாலும் சுழி அடைக்காது.

ஆங்கிலப் பெயரை இன்னும் தொடவில்லை. வியாழக்கிழமை இந்தக் காகிதங்களோடு ஆலைக்குப் போகிறேன். "அப்பா பார்த்து ஒரு வார்த்தை சொல்லட்டும் அண்ணா" என்று மகன் கேட்டிருக்கிறார். பழைய பலகையில் இருக்கும் எழுத்தை ஓவியரிடம் பக்கத்தில் நின்று எழுதி வாங்கியவர் அவர். அவர் இந்தச் சுழியைப் பார்த்து என்ன சொன்னார் என்பதை அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.