கைக்கொரு ஸ்டிக்: வர்ச்சுவல்-ஆன் வீட்டுக்கு வந்த வழி

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் வீடியோ கேம் பற்றிப் பேச வந்தால் ஒரு சங்கடம். காட்டுவதற்குத் திரை இல்லை. அதனால் உங்கள் கைகளைக் கொஞ்சம் கடன் கேட்கிறேன். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் மட்டும் கையை எடுக்க வேண்டாம்.

இரண்டு முஷ்டியையும் மடக்கி, நெஞ்சுக்கு முன்னால் செங்குத்தான இரண்டு கைப்பிடிகளைப் பிடித்திருப்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள். ஆட்காட்டி விரல் படும் இடத்தில் துப்பாக்கிக்கு இருப்பதுபோல ஒரு விசை. கட்டைவிரலுக்கு மேலே ஒரு பொத்தான். அதன் பெயர் டர்போ. இவ்வளவுதான். 1995-ல் செகா நிறுவனத்தின் ஏஎம்3 பிரிவு உருவாக்கிய ‘வர்ச்சுவல்-ஆன்’ ஆர்கேட் எந்திரத்தின், அதாவது கடையில் காசு போட்டு ஆடும் எந்திரத்தின் முன்னால் நீங்கள் உட்கார்ந்தாயிற்று. எதிராளிக்குப் பக்கத்திலேயே தனி இருக்கை, தனித் திரை. திரைக்குள் நீங்கள் ஓட்டுவது ஒரு ராட்சத ரோபோ. அதை ‘வர்ச்சுவராய்ட்’ என்பார்கள். வடிவமைத்தவர், ‘கண்டம்’ (Gundam) என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர்களின் ரோபோக்களுக்குப் பெயர் பெற்ற ஹஜிமே கடோகி.

இப்போது கையை அசைத்துப் பாருங்கள். இரண்டையும் முன்னால் தள்ளினால் ரோபோ முன்னால் போகும். இடது முன்னே, வலது பின்னே என்றால் நின்ற இடத்திலேயே வலப்பக்கம் திரும்பும், டாங்கி ஓட்டுகிற மாதிரி. இரண்டையும் வெளிப்பக்கமாக விரித்தால் தாவும். உள்பக்கமாகச் சேர்த்தால், தரையில் இருக்கும்போது குனியும். வானத்தில் இருக்கும்போது தாவலை விட்டுவிட்டு உடனே கீழே இறங்கும். ஒரு திசையில் தள்ளிக்கொண்டே டர்போவை அழுத்தினால் அந்தத் திசையில் பாய்ச்சல். இடது விசைக்கு ஓர் ஆயுதம், வலது விசைக்கு ஓர் ஆயுதம், இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் மூன்றாவது. நெருங்கிவிட்டால் அதே விசைகள் வாளும் குத்துமாக மாறிவிடும்.

புதிதாக உட்காருகிறவர் முதலில் தடுமாறுவது தாவலில்தான். இரண்டு கையும் ஒரே கணத்தில் விரிய வேண்டும். ஒரு கை முந்திவிட்டால், தாவ வேண்டிய ரோபோ பக்கவாட்டில் அரை அடி நடந்து, வருகிற குண்டை மார்பில் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது தடுமாற்றம், எதிரி எங்கே என்றே தெரியாமல் போவது. திரை தானாக எதிரியைத் துரத்தாது. ஸ்டிக்குகளை எதிரெதிராகத் தள்ளித் திரும்புவதோ மெதுவான வேலை. ஆனால் தாவும்போது ரோபோ தானாகவே எதிரியைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். அதனால் தேர்ந்தவர்கள் கையை விரித்த வேகத்திலேயே உள்ளே சேர்த்துவிடுவார்கள். கால் தரையை விட்டுக் கிளம்பியதும் இறங்கிவிடும், முகம் மட்டும் எதிரிப் பக்கம் திரும்பியிருக்கும். ஜம்ப் கேன்சல் என்று சொல்வது இதைத்தான். வர்ச்சுவல்-ஆனில் ஒரே ஒரு வித்தை பழகுவதானால் இதைப் பழகுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

ஏன் முழுசாகத் தாவிவிட்டு நிதானமாக இறங்கக்கூடாது? தரையைத் தொட்டதும் ரோபோ ஒரு கணம் விறைத்து நிற்கும். பாய்ந்துகொண்டே சுட்டாலும் முடிவில் அதே விறைப்பு. ஆட்டமே அந்தக் கணத்துக்கான காத்திருப்புதான். ரைடன் என்கிற கனத்த ரோபோவின் தோள்களிலிருந்து இரட்டை லேசர் வரும். ரைடன் ஆடத் தெரிந்தவர் அதை எதிரி வானத்தில் இருக்கும்போது வீணாக்க மாட்டார். நீங்கள் இறங்கப்போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஃபெய்-யென் என்கிற பெண் ரோபோ வேறு ரகம். உயிர் பாதிக்குக் கீழே போனதும் பொன்னிறமாக மாறி அடியின் வலுவும் கூடும். தோற்கிறாள் என்று நினைத்து அசந்தால் போச்சு.

இதை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது? 1996-ல் செகாவின் சாட்டர்ன் கன்சோலுக்கு, அதாவது வீட்டு டிவியில் இணைத்து ஆடும் பெட்டிக்கு வந்தபோது இரண்டு குறைகள் தெரிந்தன. ஆர்கேடுக்குள் இருந்த மாடல் 2 என்ற மின்சுற்றுப் பலகை நொடிக்கு 60 படம் காட்டியது. சாட்டர்னில் 30. இதைக்கூடப் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது ஒற்றைத் திரை. இரண்டு பேர் ஆடினால் திரையை மேலும் கீழுமாகப் பிளந்தார்கள். அகலம் இருந்தது, உயரம் போனது. மேலே தாவிய எதிரி சட்டென்று கண்ணிலிருந்து மறைந்தான். உங்கள் ஆயுதத்தில் எவ்வளவு மிச்சம் என்பதையும் அவன் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.  பிறகு அமெரிக்காவில் 1997-ல் நெட்லிங்க் மோடத்துக்கென்று தனிப் பதிப்பே போட்டார்கள். தொலைபேசிக் கம்பி வழியாக, ஆளுக்கொரு திரையில்.

ஸ்டிக் விஷயத்தில் மட்டும் சாட்டர்னுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. எண்ணிப் பாருங்கள். இரண்டு ஸ்டிக்குக்கு நான்கு நான்கு திசை, எட்டு. இரண்டு விசை, இரண்டு டர்போ, ஒரு ஸ்டார்ட், மொத்தம் 13. சாட்டர்னின் சாதாரண கேம்பேடில் நான்கு திசை, முன்பக்கம் ஆறு பொத்தான், தோளில் இரண்டு, ஒரு ஸ்டார்ட். அதுவும் 13! ஆகவே ஆர்கேடின் இரட்டைக் கைப்பிடிகளை வீட்டுக்குக் கொண்டுவந்த சாட்டர்ன் ட்வின் ஸ்டிக்கை கன்சோல் சாதாரண கேம்பேடாகவே எடுத்துக்கொள்ளும். பழைய ட்வின் ஸ்டிக் வாங்குகிறவர்களுக்கு இது உதவும். கேம்பேடைச் சோதிக்கிற எந்த வழியிலும் பதிமூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்துவிடலாம். மூலைத் திசைகளைத் தனியாகப் பாருங்கள், அங்கே இரண்டு சுவிட்ச் ஒன்றாக விழ வேண்டும். தாவல் மட்டும் வரவில்லை என்றால் வெளிப்பக்கச் சுவிட்ச் இரண்டில் ஒன்றைச் சந்தேகப்படுங்கள். விசை விட்டுவிட்டு வேலை செய்தால், ஸ்டிக்கோடு சேர்ந்து ஓயாமல் வளைகிற ஒயரைப் பாருங்கள்.

1998-ல் இரண்டாம் பாகம், ‘ஒரடோரியோ டேங்கிராம்’, மாடல் 3 பலகையில் வந்தது. வேகத்திலும் அழகிலும் தொடரின் உச்சம் இதுதான் என்பேன். பாய்ந்துகொண்டிருக்கும்போதே திசையை வெட்டித் திருப்பலாம். தூரத்திலிருந்து வரும் லேசான குண்டுகளைத் தட்டிவிடும் கவசமும் சேர்ந்தது. 1999 கடைசியில் செகாவின் அடுத்த கன்சோலான ட்ரீம்காஸ்டுக்கு வந்த பதிப்பு ஆர்கேடை விடத் துல்லியமான படம் காட்டியது. ஜப்பானில் அதற்கும் ட்வின் ஸ்டிக் கிடைத்தது, அமெரிக்காவில் கிடைக்கவில்லை. வீட்டில் உங்கள் ரோபோவுக்கு வண்ணம் பூசி, மெமரி கார்டில் எடுத்துப்போய், நவோமி என்ற ஆர்கேட் பலகையில் வந்த 5.66 பதிப்பு எந்திரத்தில் செருகி அதே வண்ணத்தில் ஆடலாம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய சங்கதி.

2001-ன் மூன்றாம் பாகம் ‘ஃபோர்ஸ்’ இரண்டுக்கு இரண்டு பேர் ஆடும் ஆட்டம். வேகம் குறைந்தது என்று பழைய ஆட்கள் இன்னும் முணுமுணுப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. 2003-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ‘மார்ஸ்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2009-ல் ஒரடோரியோ டேங்கிராம் எக்ஸ்பாக்ஸ் 360-ல் இணையம் வழியாக வந்தபோதுதான் வீட்டில் ஆளுக்கொரு திரை என்பது சாதாரணமானது. அதற்கான ட்வின் ஸ்டிக்கை ஹோரி நிறுவனம் செய்தது.

பிளேஸ்டேஷன் 4-க்கு அதைச் செய்தது யார் தெரியுமா? டனிடா. உடல் எடை பார்க்கும் எந்திரம் செய்கிற ஜப்பானிய நிறுவனம்! ரசிகர்களிடம் முன்பணம் திரட்டும் முயற்சி முதல் முறை தோற்றது, இரண்டாம் முறை நிறைவேறியது. 2019-ல் முதல் மூன்று பாகங்களும் ஒரே தொகுப்பாக அதே கன்சோலுக்கு வந்தன.

ட்வின் ஸ்டிக் இல்லாமல் அதில் ஆரம்பிப்பவர்கள், கேம்பேடின் இரண்டு அனலாக் ஸ்டிக்கையும் ட்வின் ஸ்டிக்காக நினைத்து ஆட ஆசைப்படுவார்கள். கட்டைவிரல் இரண்டும் அங்கே மாட்டிக்கொள்ளும், டர்போ தோள் பொத்தானுக்குப் போய்விடும், பாய்ச்சல் பிந்தும். தாவலுக்குத் தனிப் பொத்தான் உள்ள அமைப்பையே முதலில் வைத்துக்கொள்ளுங்கள். ரோபோக்களில் டெம்ஜினை எடுங்கள், எல்லாம் நடுத்தரம். சுடாமல் பத்து நிமிடம் தாவல், இறக்கம், தாவல், இறக்கம். எதிரி எப்போதும் திரைக்கு நடுவில் நிற்க ஆரம்பித்த பிறகு விசையில் விரலை வையுங்கள். வணக்கம்.