ஏட்டுச் சுரைக்காயும் இரும்பு பீரோவும்

(பெரம்பூரில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, வேறு கூட்டம் இருந்தும் நமக்காக வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, இன்றும் என்னைத் திருத்துவதற்காகவே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த வணிகர் சங்கப் பெரியவர்களே, மைக் செட் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம். அம்மா எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டுமாம். அவர்கள் இருக்கும்போதே ஒரு விஷயம் பேசியாக வேண்டும். பொன்னாடையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, நம் வட்டாரத்து மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் பற்றிய ஓர் ஒப்பீடு. ஆசிரியர், கட்டடம், வாசிப்பு என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஜூன் மாதம் பிறந்தால் போதும், டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். “சார், எந்த கார்ப்பரேஷன் ஸ்கூல் நல்லா இருக்கும்?” கேட்பவரே பதிலும் வைத்திருப்பார். அங்கே டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், இங்கே ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது என்பார். அரசுப் படிவமும் இப்படித்தான் ஒப்பிடுகிறது: நூலகம் உண்டா? உண்டு. என் பாட்டி சொல்வாள், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று.

முதலில் ஆசிரியர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் இருக்க வேண்டும். வகுப்போ ஐந்து. ஒருவர் வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போய்விட்டால் மிச்சக் கணக்கை முன்வரிசை ஐயா போட்டுக்கொள்வார். கட்டடத்தைப் பற்றி நேரம் இருந்தால் பிறகு சொல்கிறேன்.

அதே சட்டத்தின் அட்டவணை இன்னொன்றும் சொல்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும். நாளிதழ், பத்திரிகை, கதைப் புத்தகம் உட்பட எல்லாம் அதில் இருக்க வேண்டும். இதை நம்பி ஒரு சுதந்திர தினத்தன்று டைல்ஸ் போட்ட பள்ளி ஒன்றுக்குப் போனேன். பெயர் வேண்டாம். மிட்டாய் கொடுத்து முடிந்ததும் தலைமையாசிரியையிடம் நூலகத்தைப் பார்க்கலாமா என்றேன். “தாராளமா சார்” என்று பச்சை பீரோவைக் காட்டினார். சாவி? அது மூன்றாம் வகுப்பு டீச்சரிடம். டீச்சருக்குப் போன் போட்டால், சாக்பீஸ் டப்பாவில் இருக்கிறது என்கிறார். டப்பாவைக் கவிழ்த்தோம். ஒரு கொத்தே விழுந்தது! அரிசி அறைச் சாவி, கேட் சாவி, யாருடையதோ ஒரு ஸ்கூட்டர் சாவி. எதுவும் பொருந்தவில்லை. சத்துணவு ஆயா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். “அதுக்குச் சாவியெல்லாம் எதுக்குங்க?” என்று பீரோவின் இடுப்பில் ஒரு தட்டு தட்டினார். கதவு தானே திறந்துகொண்டது.

உள்ளே காற்றுப்போன கால்பந்து, போன வருடக் கொடிகள், சணல் கயிறுகூட அவிழ்க்காத புத்தகக் கட்டு. கட்டைப் பிரித்ததும் ஒரு பையன் யானைப் படம் போட்ட புத்தகத்தை எடுத்துக்கொண்டு, “வீட்டுக்குக் கொண்டுபோலாமா மிஸ்?” என்றான். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். “கிழிச்சிட்டான்னா ஆடிட்ல யார் சார் பதில் சொல்றது?”

அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. இருப்புப் பதிவேட்டில் ஒன்று குறைந்தால் கைக்காசு போய்விடுமோ என்று பயப்படுகிறவர் பீரோவைப் பூட்டத்தான் செய்வார். ஏட்டில் எல்லாப் புத்தகமும் பத்திரமாக இருக்கும். ஏட்டுச் சுரைக்காய்!

இரண்டு தெரு தள்ளி இன்னொரு பள்ளி. ஓட்டுக் கட்டடம், மழை வந்தால் ஒரு மூலையில் வாளி வைக்கிறார்கள். ஆனால் வகுப்பில் நைலான் கயிறு கட்டி, துணி கிளிப்பில் புத்தகங்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பாதிக்கு அட்டை இல்லை. பிள்ளைகள் எக்கி எக்கி இழுத்துப் படிக்கிறார்கள். என் பேத்தியைச் சேர்ப்பதென்றால் அங்கேதான் சேர்ப்பேன்.

மாமன்ற உறுப்பினர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இன்னும் இரண்டே நிமிடம். 1920இல் தியாகராயர் தலைமையில் இருந்த இதே மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்குள் செலவு. அன்று மாமன்றத் தீர்மானம் ஒன்று போதுமானதாக இருந்தது. இன்று நாம் கேட்பதும் தீர்மானம்தான். கிழிந்த கதைப் புத்தகத்தைக் கணக்கிலிருந்து கழிக்கத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் கொடுங்கள். வாரம் ஒரு நாள் புத்தகம் வீட்டுக்குப் போகட்டும். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிற ஊர் இது. கேட்க நமக்கு உரிமை உண்டு.

பெற்றோர்களுக்கு ஒன்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் உங்களுடையது. அடுத்த கூட்டத்துக்குப் போனால் பதிவேட்டைக் காட்டுவார்கள். ஏட்டுச் சுரைக்காயை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள்.

கட்டடம் பற்றிப் பேச நேரமில்லை. மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு முதலில் சுண்டல். நன்றி, வணக்கம்.