விடுதலையோடு நிலமும் கொடுத்த ஆளுநர்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கோர்ட்டு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் வழக்கறிஞர் பெருமக்களே, 'பொன்னாடை வேண்டாம், அந்தக் காசை உண்டியலில் போடுங்கள்' என்று நான் மன்றாடியும் கேட்காத வரவேற்புக் குழுவினரே, தாய்மார்களே, வணக்கம்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இரண்டாவது ஆளுநராக இருந்த எட்வர்ட் கோல்ஸைப் பற்றி மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன்: ஆற்றில் அவர் செய்தது, ஆட்சியில் செய்தது, ரஷ்யாவுக்குத் தூது போனது. அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். நம் ஊர் ஆளுநரை நினைத்துக்கொள்ளாதீர்கள். (சிரிப்பு)

1786இல் வர்ஜீனியாவில் பெரிய பண்ணை வீட்டில் பிறந்தவர். அப்பா வைத்துவிட்டுப் போன சொத்தில் அடிமைகளும் அடக்கம். 'மனிதர் எல்லோரும் சமம்' என்று அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் எழுதிய முன்னாள் அதிபர் ஜெபர்சனுக்கு 1814இல் கடிதம் போட்டார்: அடிமை ஒழிப்புக்குத் தாங்கள் முன்னால் நிற்க வேண்டும். பதில் வந்தது: எனக்கு வயதாகிவிட்டது, இது இளைஞர்கள் செய்யவேண்டிய வேலை! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, தாய்மார்களே.

1819 வசந்தகாலம். தன் அடிமைகளோடு மேற்கே புறப்படுகிறார் கோல்ஸ். எதற்குப் போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. தட்டைப் படகுகளில் பயணம். படகோட்டிக்கு ஓயாத குடி! பிட்ஸ்பர்க்கில் அவனை இறக்கிவிட்டு, ஐயாவே துடுப்பைக் கவனிக்கிறார். ஓஹியோ ஆற்றில் நல்ல வெயில். இரண்டு படகையும் சேர்த்துக் கட்டச் சொல்கிறார். எல்லோரையும் கூப்பிடுகிறார். 'இந்த நிமிடத்திலிருந்து நீங்கள் யாருக்கும் அடிமை இல்லை. என்னோடு வரலாம், இங்கேயே கரையேறியும் போகலாம்.' ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பேச்சே வரவில்லை. பிறகு ஒரு சிரிப்பு, அடக்க முடியாத சிரிப்பு, அதோடு கண்ணீர். 'நீங்கள் குடியமரும் வரை கூட இருந்து உழைக்கிறோம்' என்கிறார்கள். வேண்டாம் என்றுவிட்டார். அதோடு நிற்கவில்லை. குடும்பத் தலைவர்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் நிலம்! (கைதட்டல்)

இதற்குப் பரிசு என்ன தெரியுமா? விடுதலையானவர்கள் அரசுக்குப் பாரமாக மாட்டார்கள் என்று பிணைப்பத்திரம் எழுதித் தராமல் விடுதலை செய்தார் என்று அவர் மீதே வழக்கு. 2000 டாலர் தண்டம். மேல் நீதிமன்றத்தில்தான் அது ரத்தானது.

1822இல் ஆளுநரானார். இல்லினாயில் அடிமைமுறைக்குத் தடை இருந்தது, ஏட்டில். நடப்பிலோ ஒப்பந்தத் தாளில் கைநாட்டு வாங்கி, ஆயுள் முழுக்க வேலை வாங்கினார்கள். போதாதென்று, அடிமைமுறையைச் சட்டமாக்க அரசியலமைப்பையே திருத்தக் கிளம்பினார்கள். கோல்ஸ் நான்காண்டுச் சம்பளம் 4000 டாலரையும் எதிர்ப் பிரச்சாரத்துக்கே கொடுத்தார். 1824 வாக்கெடுப்பில் அரசியலமைப்பைத் திருத்த மாநாடு கூட்டுவதற்கு ஆதரவு 4972, எதிர்ப்பு 6640.

கைநாட்டுத் தாள் என்றதும் உங்களுக்குச் செங்கல் சூளை ஞாபகம் வருகிறதல்லவா? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். மீட்டவர்களுக்குச் சான்றிதழைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால், நிலமில்லாதவன் மறுபடி முன்பணம் வாங்க எங்கே போவான்? அதே சூளைக்குத்தான். ஏட்டுச் சுரைக்காய்! ஆளுக்கு 160 ஏக்கர் நாங்கள் கேட்கவில்லை. உழுது பிழைக்க இரண்டு ஏக்கர், பெண்கள் பெயரில் பட்டா.

மணி அடித்துவிட்டார்கள், ரஷ்யப் பயணம் இன்னொரு கூட்டத்துக்கு இருக்கட்டும். வாசல் மேசையில் மனு வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடாமல் யாரும் பேருந்து ஏறக் கூடாது.